தலைக்கு ஊற்றிக்கொள்ளாத மாதம்

விளக்கெண்ணெய் கொடுத்து வீட்டாருக்கெல்லாம் பேதிக்கு விடும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது; திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளும் அதற்கு விலக்கல்ல. பேதிக்கு விடும் நாளன்று காலையில் எண்ணெய்க் கிண்ணத்தை மருமகளிடம் நீட்டுமுன், "இந்த மாசம் தலைக்கு ஊத்திக்கிட்டியாடி?" என்று, மாதவிலக்கு வந்ததா என்பதை, மாமியார் தணிந்த குரலில் கேட்பாள்; பதில் வரத் தாமதித்தால் கிண்ணம் அடுத்தவர் கைக்குப் போய்விடும். எள்ளுருண்டை, பப்பாளி, அன்னாசி ஆகியவற்றுக்கும் அதே நாளில் தடை பிறக்கும். எள்ளின் மேல் சுமத்தப்பட்ட பழிக்கு ஆதாரம் அற்பமே. ஆயினும், கர்ப்பம் நிச்சயமாவதற்கு முன்னரே எச்சரிக்கை தொடங்கவேண்டும் என்ற அந்த மூதாட்டிகளின் காலக்கணக்கு, பின்வந்த வைத்தியத்தினும் கூர்மையாக இருந்தது என்பதே என் துணிபு.

அக்காலத்து வைத்தியர்களைக் குறை கூறுவதற்கில்லை. 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்து மிஷன் பங்களாவில், டாக்டர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடாவை நாடி ஒரே இரவில் மூன்று கணவன்மார் வந்தார்கள். பிரசவ வேதனையிலிருந்த மனைவியரை ஆண் வைத்தியர் தொடுதல் ஆகாது என்று அவர்கள் மறுக்கவே, விடிவதற்குள் அப்பெண்கள் மூவரும் மாண்டனர். ஐடா வைத்தியம் பயின்று வேலூரில் மருத்துவமனை நிறுவியதற்கு வித்து அந்த இரவே. பேற்றறை மரணம் இவ்வாறு கண்முன் நின்ற நாட்களில், முதல் மாதத்துக் கவலை பாட்டிமார் ஆட்சியிலேயே விடப்பட்டதில் வியப்பில்லை.

அக்கவலையை விஞ்ஞானத்துக்குப் போதித்தது ஒரு மாத்திரை. மேற்கு ஜெர்மனியில் 1957-இல் விற்பனைக்கு வந்து 1961-இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடினால் அவயவம் குன்றிப் பிறந்த குழந்தைகள் உலகெங்கும் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர்; தீங்கு நேர்ந்ததோ பெரும்பாலும் கருத்தரித்த 20 முதல் 36 நாட்களுக்குள், அதாவது நாள் தள்ளிப்போயிற்றா என்று ஒருத்தி விரல் மடக்கி எண்ணத் தொடங்கும் வேளையில்.

இதனினும் விசித்திரமானது நம் நாட்டில் நடந்தது. கர்ப்பமா அல்லவா என்று சோதிப்பதற்கென்றே, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் மிகுந்த மாத்திரைகளை நாள் தள்ளிய பெண்களுக்குக் கொடுத்தார்கள். உதிரம் கண்டால் கர்ப்பமில்லை என்பது கணக்கு. கருவைக் கலைக்கும் என்று நம்பிக் கடையில் வாங்கி விழுங்கியவர்களும் உண்டு. இத்தகைய மாத்திரைகளால் பிறவி ஊனம் நேரலாம் என்று 1967-இல் பிரிட்டனில் டாக்டர் இஸபெல் கால் எச்சரித்தார். 1982-இல் இந்திய அரசு தடை விதித்தது. கம்பெனிகள் நீதிமன்றம் ஏறின. 1988-இல்தான் தடை நிலைபெற்றது. அம்மாத்திரைகள் ஊனத்தை விளைவித்தனவா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் தாய்க்கோ சிசுவுக்கோ தீங்கற்ற சிறுநீர்ச் சோதனை இருக்கையில், இருக்கக்கூடிய கருவுக்கே மருந்தூட்டிப் பார்த்தது என்ன நியாயம்?

காலக்கணக்கில் இடைவெளி இன்றும் உண்டு. தமிழ்நாட்டு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்காக இப்போது 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதியவேண்டும். ஆனால் பிரதான உறுப்புகள் உருவெடுப்பது கருத்தரித்த 3 முதல் 8 வாரங்களுக்குள். ஆதலின், "தெரியாம மாத்திரை போட்டுட்டேன் சிஸ்டர், ஏதாவது ஆயிடுமா?" என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கலங்குவோர் இன்றும் உளர். காய்ச்சலுக்கு உண்ட பாராசிட்டமால் போன்றவற்றுக்காக அவர்கள் கலங்கவேண்டியதில்லை. வலிப்புக்கு வால்புரோயேட், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் உண்போரின் நிலை வேறு: பின்னது கருத்தரிக்கும் முன்பே நிறுத்தப்படவேண்டியது, முன்னதைத் தாமாக நிறுத்தினால் வலிப்பே தாயின் உயிருக்கு ஆபத்தாகும் என்பதால், குழந்தையை விரும்பும்போதே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறிக்கொள்ளவேண்டும்.