வேலூர்க் கேணியும் நல்லியக்கோடன் வென்றியும்

போர்க்களத்தில் பாட்டும் வழிபாடும் பெற்றிருந்த இடம் யாது என்பது பழங்கால மக்களின் வரலாற்றை ஆராய்வோர் எதிர்கொள்ளும் வினாக்களுள் ஒன்று. இசரவேலர் வரலாற்றில் இவ்வினா பலராலும் ஆராயப்பட்டுள்ளது. தமிழகத்திலும் இவ்வினாவுக்குரிய இடங்கள் பல உள. அவற்றுள் ஒன்று, இன்றைய திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களைத் தன்னகத்தே கொண்டிருந்த ஓய்மாநாடு. அந்நாட்டு வேலூரைப் பற்றி வழங்கும் செய்தியொன்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனை நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்பன அந்நூல் காட்டும் ஊர்கள். கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக நிற்கிறது. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், வேலூரைத் திண்டிவனத்தை அடுத்த உப்புவேலூர் என்றும், ஆமூரை நல்லாமூர் என்றும் அறிஞர் கருதுவர். கிடங்கிலின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கிய புலவர் மூவரின் பாடல்கள் தொகைநூல்களில் இடம்பெற்றுள்ளன. ஓய்மாநாடு என்னும் பெயர் பிற்காலச் சோழர் கல்வெட்டுகளிலும் தொடர்ந்து வருகிறது. ஆதலின் இந்நாடு பாட்டில் மட்டும் வாழ்ந்த நாடன்று. மண்ணிலும் கல்லிலும் தடம் பதித்த நாடாகும்.

இனி, ஆய்வுக்குரிய செய்தியைக் காண்போம். பாணனுக்கு வேலூர் செல்லும் வழியைக் கூறுமிடத்துப் புலவர் அவ்வூர்க் கேணியில் மலர்ந்த பூவை வேலின் நுனியோடு உவமிக்கிறார். அடுத்து, அவ்வூரை வேலால் பெற்ற வெற்றியை உடைய ஊர் எனச் சிறப்பிக்கிறார். நூலில் உள்ளது இவ்வளவே. இவ்விடத்திற்கு உரைவரைந்த நச்சினார்க்கினியரோ ஒரு கதையைத் தருகிறார். பகைவர் மிகுதிக்கு அஞ்சிய நல்லியக்கோடன் முருகனை வழிபட்டான். முருகன் கனவில் தோன்றி, இக்கேணியின் பூவை எடுத்துப் பகைவர்மேல் எறிக என்றான். பூ முருகனின் வேலாயிற்று. வேலூர் என்னும் பெயரும் அதனால் எய்திற்று என்பது அக்கதை. 1889 இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பின்னர், கற்பார் பலரும் நூலையும் உரையையும் ஒருசேரக் கண்டனர். அதன் பயனாக, உரையின் கதை நூலின் கூற்றேபோல் ஓய்மாநாட்டு வரலாற்றுள் புகுந்துவிட்டது. இது முறையாகுமா?

உரையாசிரியர் 14 ஆம் நூற்றாண்டினர் என்பது பொதுவாகக் கொள்ளப்படுவது. நூலோ சங்க காலத்தின் பிற்பகுதிக்கு உரியது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் உள. ஆதலின் நூல் தன் தலைவனின் வெற்றிக்கு எதனைக் காரணமாகக் காட்டுகிறது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். அஞ்சி வந்தார்க்கு அருளல், கடுஞ்சினம் கொள்ளாமை, பகைவரின் அணிக்குள் புகுதல், நிலைகெட்டு ஓடும் தன் படையைத் தாங்கி நிறுத்தல் ஆகிய இவற்றைச் சொல்லியே வாள்வீரர் நல்லியக்கோடனை ஏத்துகின்றனர். இந்நான்கும் மனிதனின் ஆண்மையும் அருளுமே. போர்க்கு முன் அவன் தெய்வத்தை வழிபட்டதாகவோ, தெய்வம் அவனுக்குப் படை தந்ததாகவோ நூலில் குறிப்பில்லை. புறத்திணை நன்னாகனார் பாடிய புறநானூற்றுப் பாட்டும் (176) அவனை மாவிலங்கைத் தலைவனாகவும், சிறிய யாழ் ஏந்திய வறியோர் சொல்மாலை சூட்டும் வள்ளலாகவுமே காட்டுகிறது.

இதனால், சங்க காலப் போரில் வழிபாட்டுக்கு இடமில்லை என்பது பெறப்படுமோ எனின், படாது. தொல்காப்பியம் வெட்சித்திணையின் பகுதியில் வெறியாட்டையும் கொற்றவை நிலையையும் கூறுகிறது. வீரமுரசு குருதிப்பலி பெறும் தெய்வத்தன்மை உடையது. முரசு கட்டிலில் அறியாது உறங்கிய மோசிகீரனாரைச் சேரமான் வாளால் வெட்டாது கவரி வீசிய செய்தி (புறம். 50) வியந்து போற்றப்படுவதற்கு அக்கட்டிலின் தூய்மையே காரணம். பாட்டிற்கும் களத்தில் தொழில் இருந்தது. புண்பட்ட வீரனைக் காக்க, மனையில் வேம்பும் இரவமும் செருகி, யாழும் பல இயங்களும் ஒலிக்க, வெண்சிறுகடுகு தூவி, மணி ஒலித்துக் காஞ்சிப்பண் பாடிய வழக்கத்தை அரிசில்கிழார் கூறுகிறார் (புறம். 281). வேலூர்ப் பகுதியிலேயே எயினர் வாழ்ந்தனர். பாணர்க்கு எயிற்றியர் புளிங்கறியோடு சூடான சோறு அளித்ததைச் சிறுபாணாற்றுப்படை பேசுகிறது. எயினர் கொற்றவையைப் பாடியும் ஆடியும் வழிபடுவதைச் சிலப்பதிகாரத்து வேட்டுவவரியில் காண்கிறோம். ஆதலின் ஓய்மாநாட்டு மறவரும் போர்க்குமுன் தெய்வம் பரவியிருத்தல் இயல்பே. எனினும் வழிபாடு மறவரைக் களத்திற்கு ஆயத்தம் செய்தது. வென்றவன் இவன் என்று பாணனின் பாட்டுச் சொல்லிற்று. இவ்விரண்டும் அக்காலத்தில் வெவ்வேறு தொழில்கள்.

இவ்வேறுபாட்டை விளக்க இசரவேலர் நூல்கள் பெரிதும் துணைசெய்யும். நியாயாதிபதிகள் ஆகமத்தின் 5 ஆம் அதிகாரமாகிய தெபோராளின் பாட்டு, எபிரேயப் பாக்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். அப்பாட்டில் கர்த்தரே வெற்றி தருகிறார். விண்மீன்களும் கீசோன் ஆறும் சிசெராவுக்கு எதிராகப் பொருகின்றன. எனினும் மனிதர் மறைந்துவிடவில்லை. போருக்கு வந்த குலங்கள் புகழப்படுகின்றன. வாராது தங்கிய ரூபன், தாண், ஆசேர் குலங்கள் பழிக்கப்படுகின்றன. சிசெராவைக் கொன்ற யாகேல் என்னும் பெண் வாழ்த்தப்படுகிறாள். புகழையும் பழியையும் பகிர்ந்தளிக்கும் இவ்வகையில் அப்பாட்டு நம் புறப்பாட்டுக்கு அணுக்கமானது.

நாளாகமத்தின் இரண்டாம் நூல் (அதிகாரம் 20) காட்டும் போரோ வேறு வகையினது. யூதாவின் அரசன் யோசபாத் தன் படைக்கு முன்னே பாடகரை நிறுத்துகிறான். அவர்கள் துதி பாடத் தொடங்கியவுடன் பகைவர் தமக்குள் வெட்டுண்டு மடிகின்றனர். யூதர்க்குக் கொள்ளைப் பொருளை வாரும் வேலையே எஞ்சுகிறது. யோசபாத்தின் காலம் கி.மு. 9 ஆம் நூற்றாண்டு. நாளாகமம் எழுதப்பட்டது கி.மு. 4 ஆம் நூற்றாண்டை ஒட்டி என்பர். அதற்கு முற்பட்ட இராசாக்கள் ஆகமம் இப்போரைக் கூறவில்லை. அவ்வரசன் கலந்துகொண்ட மோவாபியப் போரொன்றைக் கூறுகிறது (இரண்டாம் நூல், அதிகாரம் 3). அங்கும் இசை உண்டு. இசைவாணன் ஒருவன் வாசிக்கும்போது எலிசா தீர்க்கதரிசி அருள்வாக்கு உரைக்கிறார். ஆயினும் போரை மனிதரே செய்கின்றனர். ஆலயமும் அதன் பாடகர் மரபும் சிறந்து நின்ற பிற்காலத்து நூலில்தான் பாட்டே படையாகிறது.

ஓய்மாநாட்டிலும் நிகழ்ந்தது இதுவே என்பது என் கருத்து. நத்தத்தனாருக்கும் நச்சினார்க்கினியருக்கும் இடைப்பட்ட காலத்தில் தமிழ்ப் பாட்டே அரசனிடமிருந்து ஆண்டவனிடம் சென்றது. வள்ளலிடம் பாணனை வழிப்படுத்திய ஆற்றுப்படை, முருகனிடம் அடியவனை வழிப்படுத்தும் திருமுருகாற்றுப்படை ஆயிற்று. பத்துப்பாட்டின் தொகுப்பில் அதுவே முதலிடமும் பெற்றது. மன்னர் வாயிலில் ஒலித்த பாணர் யாழ், திருநீலகண்ட யாழ்ப்பாணர் கையில் சம்பந்தரின் பதிகங்களுக்கு இசைந்தது. அச்சம்பந்தர் பாடிய திருவக்கரை இவ்வட்டாரத்ததே. செஞ்சியை அடுத்த சிங்கவரத்துக் குடைவரையில் கொற்றவை கல்லில் நிற்கிறாள். இராசசிம்மன் கோயில் எடுத்த பனமலையில் எருமைத்தலை அசுரனை அழிக்கும் தேவி குடைவரையில் காட்சி தருகிறாள். தெய்வமே பொருது வெல்லும் காட்சியை இந்நிலத்து மக்கள் நூற்றாண்டுக் கணக்கில் கண்டு வழிபட்டனர். அவ்வுலகில் வாழ்ந்த உரையாசிரியர்க்கு, வேல் போன்ற பூவும், வேலால் பெற்ற வென்றியும், வேலூர் என்னும் பெயரும் அடுத்தடுத்து நின்றபோது, முருகன் அவற்றை இணைக்கும் பொருளாகத் தோன்றியதில் வியப்பில்லை. ‘கதை’ என்னும் சொல்லாலேயே அவர் அதனைக் குறிப்பதும் கருதத்தக்கது.

இக்கருத்துக்கு ஒரு தடை எழலாம். கேட்போர் அனைவரும் அறிந்த கதையாதலின் புலவர் குறிப்பால் மட்டும் சுட்டினார் எனக் கொள்ளலாகாதோ? கொள்ளலாம், புலவர் கூறாமை ஒன்றே கதை இன்மைக்குச் சான்றாகாது. ஆயினும் கடையெழு வள்ளல்களின் கொடையை ஒவ்வொன்றாக விரித்து, அவ்வெழுவர் தாங்கிய பாரத்தை நல்லியக்கோடன் தனியொருவனாகத் தாங்கினான் என்று புகழும் புலவர், முருகனே வேல் தந்த சிறப்பைக் குறிப்பளவில் விட்டிருப்பார் என்பது பொருந்துமாறில்லை. மேலும், வேலூர் என்னும் பெயர் தமிழகத்தில் பல இடங்களில் உண்டு. வேல் என்பது வேலமரத்தையும் குறிக்கும்.

எனவே, வேலூர்க் கேணியின் கதையை நல்லியக்கோடன் காலத்து நிகழ்ச்சியாக வரலாற்றில் எழுதுதல் பொருந்தாது. அதனை வெறுங்கதை எனத் தள்ளுதலும் பொருந்தாது. 14 ஆம் நூற்றாண்டுத் தமிழர் தம் பழைய மன்னனின் வெற்றியை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதற்கு அது நல்ல சான்று. நூலை நூலாகவும் உரையை உரையாகவும் அதனதன் காலத்தில் வைத்துக் காணின் இரண்டும் நமக்குச் சான்றாகும். கலந்து காணின் இரண்டையும் இழப்போம். எல்லாவற்றிற்கும் மேலாக, ஓடும் படையைத் தன் தோளால் தாங்கி நின்ற ஓய்மாநாட்டு மன்னனுக்கு, அவனை நேர்கண்டு பாடிய புலவர் அளித்த பெருமையை நாம் பறித்தவராவோம்.