ஏரிக்குக் கல்லெழுத்து, கடலுக்கு வாய்மொழி

மதுராந்தகம் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் நெஞ்சில் தோன்றுவது ஏரியே. மதுராந்தகன் என்னும் பெயர் பூண்ட உத்தம சோழனோடு (970–985) இவ்வூரை இணைத்துப் பேசுவது மரபு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பெருமழையில் கரை உடையும் என அஞ்சிய கலெக்டர் லயனல் பிளேசு, கரைமேல் வில்லேந்தி நின்ற இருவரைக் கண்டார் என்ற கதையும், அதனால் இராமர் 'ஏரிகாத்தவர்' ஆனார் என்ற செய்தியும் இங்குள்ள சிறுவரும் அறிந்தவை. ஆனால் அந்த ஏரியின் மிகைநீர் கலங்கல் தாண்டிக் கிளியாற்றில் இறங்கி, பாலாற்றோடு கூடி, வாயலூர் அருகே கடலில் சேர்கிறது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஏரியை ஆண்ட முறை பற்றி நம்மிடம் நூல்கள் உள்ளன. அந்நீர் சென்று சேரும் கழியையும் கரையோரக் கடலையும் யார், எம்முறையில் ஆண்டனர் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

முதலில் நிலத்தின் பக்கம். மதுராந்தகத்திற்கு வடமேற்கே அண்மையிலுள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைப்பதை மாணவரும் அறிவர். அங்கே சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு ஏரி வாரியமும் இருந்தது. வாரியத்தார் ஓராண்டே பதவி வகிப்பர். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்வுபெற இயலாது. நீரை ஆளும் உரிமை கைமாறிக்கொண்டே இருக்கவேண்டும், ஆண்டவர் கணக்குச் சொல்லவேண்டும் என்ற இரண்டு கருத்துகளும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் ஏறிவிட்டன.

இரண்டாவது சான்று வேடந்தாங்கல். அங்குள்ள ஏரியில் தங்கும் பறவைகளைச் சுடலாகாது என்று ஊரார் முறையிட, அதே லயனல் பிளேசு அவர்கள் உரிமையை ஏற்று 'கவுல்' என்னும் உறுதிச் சீட்டு வழங்கினார். பின்னர் 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. ஊரார் பறவையைக் காத்தது அருளுணர்வால் மட்டுமன்று. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று. உழவர் அதை அறிந்திருந்தனர். பயனும் பரிவும் ஒன்றாய் நின்ற இந்த ஏற்பாட்டை, அயலாட்சியின் எழுத்தில் பதியச் செய்துகொண்ட அவ்வூராரின் அறிவு வியக்கத்தக்கது. 2022-இல் வேடந்தாங்கல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபோது அச்சீட்டின் வரலாறு மீண்டும் பேசப்பட்டது. எழுத்து இருந்ததால் பேச முடிந்தது.

இனிக் கடல். மாமல்லையில் பாறைதோறும் சிற்பம், கோயில்தோறும் எழுத்து. அவ்வெழுத்து பேசுவன இறைவன் பெயரும், கொடையும், நிலமும். நிலத்திற்கு எல்லைக்கல் நடலாம், வரி வாங்கலாம், ஆகவே எழுதிவைக்கலாம். அலைமேல் எதை நடுவது? எனவே கடலைப் பற்றிய செய்திக்கு நாம் கல்வெட்டை விட்டு இலக்கியத்திற்குச் செல்லவேண்டியுள்ளது.

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையை நம் வட்டாரத்தின் பாட்டு என்று உரிமையோடு சொல்லலாம். புலவர் பெயரோடு ஒட்டிய இடைக்கழிநாடு, முன்னர் மதுராந்தகம் வட்டத்தில் இருந்து, இன்று செய்யூர் வட்டத்தில் அமைந்துள்ள கரையோரப் பகுதியே. ஒருபுறம் ஓதியூர்க் கழி, மறுபுறம் கடல், நடுவில் நீண்ட மணல்மேடு. ஊர்ப்பெயரே ஒரு நிலப்படம். இப்பகுதியின் கடப்பாக்கத்தை ஒட்டியே ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடு கழிமுகத்தைப் பார்த்து நிற்கிறது. சிறுபாணன் செல்லும் வழியில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பர். பெரும்பாணாற்றுப்படையிலோ, உயர்ந்த மாடத்தில் எரியும் விளக்கொளி கண்டு கலங்கள் கரைசேரும் நீர்ப்பெயற்று என்னும் துறை வருகிறது. அது மாமல்லையா, அதன் அண்டையிலுள்ள வேறொரு துறையா என்ற வழக்கு நெடுநாளையது. அதில் நான் இங்குப் புகவில்லை.

அப்பாட்டைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையையும் பாடினார். அதில் வரும் ஒரு காட்சி நம் பொருளுக்கு இன்றியமையாதது. பரதவர் முழுநிலா நாளில் வேட்டைக்குச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு ஆடி மகிழ்கின்றனர். இதை வழிபாடு என்று மட்டும் உரையெழுதிக் கடந்துவிடுகிறோம். ஊர் முழுவதும் ஒப்புக்கொண்டு வலையை எடுக்காத நாள் என்பதும் அதில் அடங்கியுள்ளது. அந்நாளை இன்றைய மீன்பிடித் தடைக்காலத்தின் மூதாதை எனக் கூறுவது மிகையாகும். மீன்வளம் கருதியே ஓய்ந்தனர் என்பதற்குப் பாட்டில் சான்றில்லை. ஆயினும் தனியொருவன் விருப்பத்தைக் கட்டும் பொதுநாள் ஒன்று கடற்கரையில் இருந்தது என்ற அளவில் அது வரலாற்றுச் சான்றே.

வாய்மொழியாய் நின்ற ஒழுங்கிற்குத் தெளிவான எடுத்துக்காட்டு பழவேற்காட்டின் 'பாடு' முறை. 1997-இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை பழவேற்காடும் நம் செங்கற்பட்டு மாவட்டத்ததே. அங்கே ஏரி கடலோடு கூடும் முகத்துவாரத்தின் அருகில் இறால் மிகுதி. நீர் வடியும்போது கழியிலிருந்து கடலுக்குத் திரும்பும் இறாலைக் கழி நட்டுக் கட்டிய வலையால் பிடிப்பர். நல்ல இடங்கள் சில, வலைக்காரர் பலர். ஆகவே இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுப்போட்டு முறைவைத்துக் கொண்டனர். இன்று நல்ல இடம் பெற்றவன் நாளை நகரவேண்டும். உத்தரமேரூரின் ஓலைக்குடத்திற்கும் பழவேற்காட்டின் சீட்டிற்கும் இடையே நேரடித் தொடர்பு உண்டென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பொதுநீரைப் பகிர்வதில் ஆசைக்கு இடங்கொடாத வழி திருவுளச்சீட்டே என்று உழவரும் வலைஞரும் தனித்தனியே கண்டுகொண்டனர் என்பது எண்ணத்தக்கது.

இதனைப் பொற்காலமாகத் தீட்டிக்காட்டும் ஆசை ஆய்வாளருக்கு எளிதில் வந்துவிடும். பாடு என்பது உரிமையுள்ள குடியினருக்குள் நேர்மை. உரிமையற்றோர்க்கு அடைத்த கதவு. பட்டினவர் அல்லாதார் அக்கதவைத் தட்டியபோதெல்லாம் பூசல் எழுந்தது. மீனைக் கூடையிலேற்றி ஊரூராய்ச் சுமந்து விற்ற பெண்டிர்க்கும் ஊர்ப் பஞ்சாயத்தில் இருக்கை இருந்ததில்லை. உத்தரமேரூரிலும் நிலமும் கல்வியும் உடைய ஆடவரே குடத்தில் இடும் ஓலைக்கு உரியவர் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியுள்ளது.

பழவேற்காட்டிலிருந்து தெற்கே வந்தால், கோவளம், தேவநேரி, மாமல்லை, சதுரங்கப்பட்டினம், பரமன்கேணி, பனையூர் எனக் குப்பங்கள் தொடர்கின்றன. இங்கெல்லாம் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல் கரையோடு நிற்பதன்று; ஊருக்கு நேரெதிரே உள்ள கடலிலும் செல்லும். மார்ட்டின் பாவிங்க் என்னும் நெதர்லாந்து ஆய்வாளர் சோழமண்டலக் கரையைப் பற்றி 2001-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கியுள்ளார். பிற ஊர்க் கட்டுமரம் தம் கடலில் வருவதை ஊரார் பொதுவாகத் தடுப்பதில்லை. தடுப்பது வலையையே. ஒரு புதுவலை குஞ்சுகளை அழிக்கிறது, மீனைக் கலைக்கிறது, ஒருவனை வாழவைத்துப் பலரைக் கெடுக்கிறது என்று ஊர் கருதினால் அவ்வலை அங்கே கூடாது. மீறினால் தண்டம். ஆளை விலக்காது கருவியை விலக்கும் இந்த நுட்பம் சட்டநூல்களில் பிற்காலத்தில்தான் தெளிவாக இடம்பெற்றது.

அரசின் எழுத்து கடலுக்குள் முதன்முதலில் இறங்கியது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தில். வெடி வைத்து மீன் கொல்வதைக் கரையிலிருந்து ஒரு லீக், அதாவது மூன்று கடல்மைல் அளவிற்கு அச்சட்டம் தடுத்தது. 1907-இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துறை தோன்றியது. அதன் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இக்கரையின் படகுகளையும் வலைகளையும் வரிசையாகப் பதிவுசெய்தார். விடுதலைக்குப் பின் அரசின் நோக்கம் பதிவு செய்வதிலிருந்து பெருக்குவதற்கு மாறியது. இயந்திரப் படகும் இழுவை மடியும் உதவித்தொகையோடு வந்தன. அயல்நாட்டில் இறாலுக்கு விலை ஏறியது.

இடர் தோன்றிய இடம் இதுதான். இறாலின் குஞ்சு கழியில் வளர்ந்து கரையோரக் கடலுக்கு இறங்குகிறது. ஆகவே ஆழ்கடலுக்கெனத் தரப்பட்ட விசைப்படகு இறாலைத் தேடிக் கரைக்கே திரும்பியது. அங்கே கட்டுமரக்காரன் வலை விரித்திருந்தான். எழுபதுகளின் பிற்பகுதியில் தமிழகக் கரையெங்கும் வலைகள் அறுபட்டன, படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. 1976-இல் நடுவணரசு மஜும்தார் குழுவை அமைத்தது. அதன்வழி வரைந்த முன்மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றிக் கேரளமும் கோவாவும் 1980-இலும், தமிழ்நாடு 1983-இலும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கண்டன. கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை மரபுவழிக் கலங்களுக்கே உரியது என்று நம் சட்டம் அன்று கூறியது.

1897-இல் வந்த அதே மூன்று கடல்மைல்! குப்பத்தான் தன் கடலை அளப்பது மைலால் அன்று. ஆழத்தைப் பாகத்தாலும், இடத்தைக் கரையில் தெரியும் மரத்தாலும் கோபுரத்தாலும் குறிப்பவன் அவன். அடிநிலம் சேறா, மணலா, பாரா என்பதே அவனுக்கு எல்லை. நேர்கோடு கிழிப்பவர்க்குக் கோடு எளிது, காப்பவர்க்கு அரிது. காவல் கலங்கள் சில, கரையோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஜப்பானில் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் கரையோர மீன்பிடி உரிமையை மீனவர் கூட்டுறவு அமைப்புகளிடமே ஒப்படைத்து, ஊரின் வழக்கத்தை அரசின் சட்டத்தோடு இணைத்தது. நம் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் கலங்களைக் கண்டது. கரையில் ஏற்கெனவே நீதி வழங்கிக்கொண்டிருந்த பஞ்சாயத்தைக் காணவில்லை. அன்றே கண்டிருந்தால் பல பூசல்கள் கரையிலேயே தீர்ந்திருக்கும் என்பது என் துணிபு.

தடைக்காலத்தின் வரலாறு சற்று ஆறுதல் தருவது. 2001-இல் 45 நாள்களாய்த் தொடங்கி, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்களாய் நீண்ட அதனை, முணுமுணுப்போடேனும் விசைப்படகினரும் ஏற்றுக்கொண்டனர். சுருக்குமடி வலையில் அத்தகைய இணக்கம் இல்லை. 2000-இல் தமிழக அரசு அதைத் தடைசெய்தது. ஊர் ஊரோடு மோதிய பின், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல்மைலுக்கு அப்பால் திங்களும் வியாழனும் மட்டும் அவ்வலையைப் பயன்படுத்தலாம் என இடைக்கால ஆணை தந்தது. அரசமைப்பின்படி 12 கடல்மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் பொருள், அதற்கப்பால் நடுவணரசின் பொருள். மீன் அக்கோட்டை அறியாது.

கரையின் மேலும் கோடுகள் விழுந்தன. 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் அதன் வரம்பு. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வரம்பிற்குள் இறால் பண்ணைக் குளங்களைத் தடுத்தது. 2011-இன் அறிவிக்கையோ நம் நோக்கில் மிக முதன்மையானது. மீனவர் ஊர்களோடு, மீன் உலர்த்தும் இடம், படகுத்துறை, மீனவர்தம் பொதுச்சொத்து ஆகியவற்றையும் வரைபடத்தில் காட்டவேண்டும் என்று அது விதித்தது. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பின் வந்த அறிவு அது. எனினும் வரைவுப் படங்கள் மக்கள் முன் வைக்கப்பட்ட போதெல்லாம், எங்கள் ஊர் எங்கே, எங்கள் வலை உலர்த்தும் மணல் எங்கே என்ற குரல் எழுந்தது. எழுத்தில் இல்லாத உரிமை படத்தில் ஏறுவதில்லை.

ஏரிக்குப் பொதுப்பணித்துறையின் வழிவந்த நீர்வளத்துறை, பறவைக்கு வனத்துறை, அண்மைக் கடலுக்கு மீன்வளத்துறை, அப்பாலைக் கடலுக்கு நடுவணரசு, கழிவுநீருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என ஒரே நீரைப் பலர் ஆளுகின்றனர். பாலாற்றில் மணல் அள்ளுவதும், முகத்துவாரம் மணலால் மூடுவதும், கழியில் இறால் குஞ்சு குறைவதும் ஒரே தொடரின் கண்ணிகள். நெம்மேலியில் 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டரும், 2024-இல் மேலும் 15 கோடி லிட்டரும் தரும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இயங்கத் தொடங்கின. சென்னையின் தாகம் மெய்யானது. ஆலையின் உவர்க்கழிவு சேரும் கடலில் வலை வீசும் சூளேரிக்காட்டுக் குப்பத்தாரின் முறையீடும் மெய்யானது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் வாரியம் எதுவும் இன்றில்லை. பத்தாம் நூற்றாண்டில் ஏரிக்கு ஒன்று இருந்தது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தில் கவிஞர் பலர் உளர். நெய்தல் என்றால் இரங்கல் என்று கற்பித்தே நாம் பழகிவிட்டோம். என் வகுப்பறையும் அதற்கு விலக்கன்று. நம் கவிதைகளில் அலையும் நிலவும் தாராளமாய் வருகின்றன; பாடு வருவதில்லை, பார் வருவதில்லை. கடப்பாக்கம் முதல் கோவளம் வரை ஒவ்வொரு குப்பத்திலும் முதியோர் நாவில் உள்ள காற்றின் பெயர்கள், நீரோட்டத்தின் பெயர்கள், கடலடிப் பார்களின் பெயர்கள், ஊர் விலக்கிய வலைகளின் பெயர்கள், விலக்கிய காரணம் ஆகியவற்றை ஊர்வாரியாக எழுதி, அவ்வூர்ப் பஞ்சாயத்தாரிடம் படித்துக் காட்டி, அவர் ஒப்பத்தோடு ஒரு படியை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் ஒரு படியை அவ்வூரிலும் வைக்கலாம். வாடை ஓய்ந்த தை, மாசித் திங்கள்களில், கட்டுமரம் கரையேறிய பிற்பகல் வேளையே இதற்கு ஏற்றது. அப்போதுதான் வலை பழுதுபார்க்க அனைவரும் மணலில் அமர்ந்திருப்பர்.