அஞ்சலோட்டக்காரரும் கடவுச்சொல்லும்: திருவனந்தபுரத்திலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

தமிழில் இன்று எல்லாத் தபாலுக்கும் பொதுப்பெயராகிவிட்ட 'அஞ்சல்', திருவிதாங்கூரில் சமஸ்தானத்தின் சொந்தத் தபால் அமைப்பைக் குறித்தது. அரசு அலுவல் கடிதங்களுக்காக இயங்கிப் பின்னர் பொதுமக்களுக்கும் திறக்கப்பட்ட அது, 1888இல் சங்கு முத்திரையுடன் தனித் தபால்தலை வெளியிட்டது. 1951இல் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சலோட்டக்காரரின் வேலை பையைச் சேர்ப்பது மட்டுமே. உறையைப் பிரிப்பது அவர் பணியன்று.

உறையைப் பிரிக்கும் அதிகாரத்தை அரசு தனக்கென வைத்துக்கொண்டது வேறு கதை. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அதற்கு இடமளித்தது. அதை விரிவாக்க முனைந்த 1986 திருத்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஜைல் சிங் ஒப்புதல் தரவில்லை. 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்திலும் இடைமறிப்பு அதிகாரம் நீடிக்கிறது. இச்சட்டங்கள் யாவும் அரசை மட்டுமே கண்முன் கொண்டவை. கடிதத்தைச் சுமப்பவரே வீட்டுச் சாவியையும் கேட்கும் நிலை அவற்றின் கற்பனைக்கு எட்டவில்லை.

அந்நிலை 2015இல் வந்தது. அகாம்ப்ளி என்ற சிறு நிறுவனத்தை 2014 டிசம்பரில் வாங்கிய மைக்ரோசாப்ட், அதன் கைபேசிச் செயலியை மறு மாதமே அவுட்லுக் என்ற பெயரில் வெளியிட்டது. அச்செயலி பயனரின் அலுவலக வழங்கியோடு நேரடியாகப் பேசவில்லை. கடவுச்சொல்லைப் பெற்றுத் தன் மேகக் கணினியில் வைத்து, அங்கிருந்து அஞ்சலை எடுத்து, பிறகே கைபேசிக்கு அனுப்பியது. வேகமான தேடலுக்கும் உடனடி அறிவிப்புக்கும் இது வசதிதான். ஆனால் அலுவலகத்தின் சாவி அலுவலகம் அறியாமலேயே வெளியே போயிருந்தது. பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தொழில்நுட்பப் பிரிவு செயலியைத் தடுத்தது. நிறுவியவர்கள் நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றவேண்டும் என்றும் அறிவுறுத்தியது. மைக்ரோசாப்ட் பின்னாளில் அமைப்பை மாற்றியது உண்மை. எனினும் ஒரு செயலியிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அன்றே தெளிவாகிவிட்டது: கடவுச்சொல் எங்கே தங்குகிறது?

இக்கேள்விக்குத் திருவனந்தபுரம் புதியதன்று. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது இந்நகரில்தான். 2007இல் மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கையே கட்டற்ற மென்பொருளை முன்னிறுத்தியது. விந்தை என்னவெனில், அதே தலைமைச் செயலகம்தான் 2020இல் கொரோனா காலத் தரவுகளை ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தளத்தில் ஏற்றியது. தரவை அடையாளம் நீக்கியே தரவேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் ஏப்ரல் 24 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. கொள்கை ஏட்டில் இருக்க, அவசரத்தில் கைக்கு எட்டிய கருவியே வென்றது.

பணியாளர் கைபேசியிலும் நடப்பது இதுவே. மாற்று இல்லாமலில்லை. 2008 முதல் வளர்ந்த கே-9 மெயில் வழங்கியோடு நேரடியாகப் பேசுவது, மூலநிரல் திறந்தது, 2022இல் தண்டர்பேர்டு குழுவோடு சேர்ந்து, 2024 அக்டோபரில் அப்பெயரிலேயே ஆண்ட்ராய்டுக்கு வந்தது. ஃபேர்இமெயிலும் இவ்வகையே. இவை இடைத்தரகரை அகற்றுகின்றன, அவ்வளவே. அலுவலக வழங்கியில் கிடக்கும் மறைக்குறியிடப்படாத அஞ்சலை நிர்வாகி திறக்க முடியும். அதை எந்தச் செயலியும் தடுக்காது. தொலைவிலிருந்து கைபேசியையே அழிக்கும் அதிகாரத்தைக் கேட்கும் அலுவலகக் கணக்குகளும் உண்டு. அதற்கு ஒப்புவதற்கு முன், கைபேசி யாருடையது என்பதைப் பணியாளர் கேட்டாக வேண்டும்.