கண்ணில் விழுந்த பூ: ஒரு சொட்டு மருந்தின் வரலாறு

"கண்ணிலை பூ விழுந்திட்டுது" என்று எங்கள் ஊர்ப்புறங்களில் சொல்வார்கள். கேட்பதற்கு அழகான பேச்சு. ஆனால் அது குறிப்பது கருமணியின் மேல் வெள்ளையாகப் படிந்துவிட்ட ஒரு தழும்பை. அந்தத் தழும்புக்குப் பின்னால் பார்வை இல்லை.

என் சிறுவயதில், பெரியப்பா முறையான ஒருவருக்கு இப்படிப் பூ விழுந்தது. பெரும்போக அறுவடை முடிந்து சூடு அடித்துத் தூற்றிக்கொண்டிருந்தபோது ஒரு நெற்சுணை கண்ணில் தெறித்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கண் சிவந்தது, தாய்ப்பால் விட்டார்கள். வீங்கியது, நந்தியாவட்டைப் பூவின் சாற்றைப் பிழிந்தார்கள். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது மூன்று வாரங்கள் கழிந்துவிட்டன. எஞ்சிய காலம் முழுவதும் அவர் ஒற்றைக் கண்ணுடனேயே வயலுக்குப் போய்வந்தார்.

அந்தச் சுணையுடன் கண்ணுக்குள் சென்றது எதுவென்று அப்போது எவரும் எனக்குச் சொல்லவில்லை. பிற்காலத்தில், பத்திரிகைத் தொழிலில் மருத்துவச் செய்திகளை எழுத நேர்ந்தபோதுதான் விடயம் ஓரளவு விளங்கியது. பயிர்த்தாள்களிலும் மண்ணிலும் வாழும் பூஞ்சணம், அதாவது பங்கசு, கீறல்பட்ட கண்ணில் குடியேறிவிடுகிறது. இந்த நோயை மருத்துவ உலகுக்கு முதன்முதலில் எடுத்துரைத்தவர் ஜேர்மனியக் கண் மருத்துவர் தியோடர் லேபர். ஆண்டு 1879. அவருடைய நோயாளியும் ஒரு விவசாயியே. கதிரடிக்கும் பொறியிலிருந்து தெறித்த ஓட்ஸ் உமி அவருடைய கண்ணைத் தாக்கியிருந்தது. தானியம் வேறு, தேசம் வேறு; காயம் ஒன்றுதான்.

நோயின் காரணம் 1879இலேயே தெரிந்துவிட்டது. ஆயினும் அதற்கென ஒரு மருந்து உரிமம் பெற்றுக் கைக்கு வர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சென்றன. இத்தாமதத்துக்குப் பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து கிடைக்காமை ஒரு காரணம். கண் எந்த மருந்தையும் எளிதில் உள்ளே விடுவதில்லை என்பது மற்றொரு காரணம்.

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போல் அமைந்திருப்பது விழிவெண்படலம். கோர்னியா என்பார்கள். அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அது ஒளி ஊடுபுகும் தன்மையுடன் இருக்கவேண்டும் என்பதால் அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே வாயால் விழுங்கும் மருந்து அங்கே போய்ச் சேர்வது கடினம். மேலே சொட்டாக விடலாமென்றால், கண்ணின் மேற்பரப்பில் தங்கும் கண்ணீரின் அளவு சுமார் 7 மைக்கிரோலீற்றர் மட்டுமே. குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டோ 30 முதல் 50 மைக்கிரோலீற்றர். மிஞ்சியது கன்னத்தில் வழியும். அல்லது கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கு இறங்கும். சொட்டு மருந்து விட்ட சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்பதை உணர்ந்தவர்களுக்கு இது தெரியும். எஞ்சியதைச் சில நிமிடங்களில் கண்ணிமைகள் துடைத்துவிடுகின்றன.

அதற்குப் பின்னரும் தடை உண்டு. விழிவெண்படலத்தின் வெளிப்படை கொழுப்பில் கரையும் பொருளை அனுமதிக்கும். நீரில் கரையும் பொருளைத் தடுக்கும். நடுப்படையின் இயல்பு இதற்கு நேர்மாறு. இரண்டையும் கடக்கும் மருந்துகள் சிலவே. விடும் மருந்தில் 5 வீதத்துக்கும் குறைவானதே உள்ளே சேர்கிறது என்பது பொதுவான கணிப்பு. தூசியிலிருந்தும் கிருமியிலிருந்தும் எம்மைக் காக்க இயற்கை எழுப்பிய அரண், நோய் வந்தபின் மருந்துக்கும் அரணாகிவிடுகிறது.

மருந்து போகாத இடத்துக்குக் கத்தி போயிற்று. 1905 டிசம்பர் 7ஆம் திகதி, அன்றைய ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்ட ஒலொமௌத்ஸ் நகரில், எடுவார்ட் சிர்ம் என்னும் மருத்துவர் சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்த தொழிலாளி ஒருவருக்கு மற்றொருவரின் விழிவெண்படலத்தைப் பொருத்தி வெற்றி கண்டார். இந்த வழியில் எமது நாட்டுக்கும் தனியான இடம் உண்டு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1958இல் பத்திரிகைக் கட்டுரை மூலம் கண் தானத்துக்கான அழைப்பை விடுத்தார். 1960இல் அவருடைய தாயார் காலமானபோது, அத்தாயின் விழிவெண்படலத்தை ஏழை விவசாயி ஒருவருக்குப் பொருத்தினார். 1961இல் இலங்கைக் கண் தானச் சங்கம் உருவாயிற்று. 1964இல் முதன்முறையாக இங்கிருந்து கண்கள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. அதன் பின்னர் பல நாடுகளுக்குப் பல்லாயிரம் விழிவெண்படலங்கள் சென்றுள்ளன. இனப்பகையால் சிதைந்த இத்தீவு உலகத்துக்குக் கொடுத்தவற்றுள் பெருமையுடன் சொல்லக்கூடியது இது.

ஆனால் பூஞ்சணப் புண்ணுக்கு மாற்றுக்கண் இறுதி வழி மட்டுமே. கிருமி உயிருடன் இருக்கையில் புதிய படலத்தைப் பொருத்தினால், அது அதையும் தின்றுவிடக்கூடும். மேலும், உலகத்தின் தேவைக்கு ஈடான அளவில் கண்கள் ஒருபோதும் கிடைத்ததில்லை. புண்ணும் காயமும் காரணமாக ஆண்டுதோறும் 15 இலட்சம் முதல் 20 இலட்சம் பேர் வரை ஒரு கண்ணின் பார்வையை இழக்கிறார்கள் என்று 2001இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகை மதிப்பிட்டது. அவர்களிற் பெரும்பாலோர் வறிய நாடுகளின் உழைப்பாளிகள். அறுவையின்றி, படலம் கெடுமுன்னர், மருந்தை உள்ளே சேர்க்கும் வழியே அவர்களுக்குத் தேவையாயிருந்தது.

அந்த மருந்து 1955இல் தென்னாபிரிக்காவின் நேற்றால் பகுதியில், பீற்றர்மாரிட்ஸ்பேர்க் நகருக்கு அண்மையில் எடுக்கப்பட்ட மண்ணில் கிடைத்தது. வாசகர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 1893 ஜூன் மாதத்தில் இளம் வழக்கறிஞர் காந்தி புகையிரதத்திலிருந்து இறக்கிவிடப்பட்டது அந்நகர் நிலையத்திலேதான். 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழ்க் கூலிகள் கரும்பு வெட்டியதும் அதே நேற்றால் மண்ணில்தான். அம்மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்று பூஞ்சணத்தைக் கொல்லும் பொருளைச் சுரப்பதை ஒல்லாந்து நிறுவனமொன்றின் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நகரின் பெயரை ஒட்டி அதற்குப் பிமாரிசின் என்று பெயரிட்டனர். இப்போது நற்றமைசின் என அழைக்கப்படுகிறது. பாலாடைக்கட்டியின் மேற்பரப்பில் பூஞ்சணம் பிடிக்காதிருக்கப் பூசப்படுவதும் இதுவே.

இம்மருந்துக்குப் பெருங்குறை ஒன்று இருந்தது. அது நீரில் கரைவதில்லை. கரையாத பொருளைக் கண்ணில் எப்படி இடுவது? மிக நுண்ணிய துணிக்கைகளாக்கி, நீரில் மிதக்கவிட்டார்கள். இதிலும் ஓர் எல்லை உண்டு. துணிக்கை 10 மைக்கிரோமீற்றரிலும் பெரிதானால் கண் உறுத்தும். உறுத்தினால் கண்ணீர் பெருகும். மருந்து கழுவிச் செல்லப்படும். அந்த எல்லைக்குள் நின்றால் பெருநன்மை கிடைத்தது. கரைசல் வழிந்தோடிவிடும், துணிக்கைகளோ புண்ணின் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன, இமையின் மடிப்பில் தங்குகின்றன, அங்கிருந்து சிறிது சிறிதாக மருந்தை விடுவிக்கின்றன. குறையென எண்ணியதே துணையாயிற்று. 1978இல் 5 வீத நற்றமைசின் சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் உரிமம் கிடைத்தது.

கண்ணின் ஆழத்துக்கு இது நன்கு ஊடுருவுவதில்லை என்ற முறைப்பாடு தொடர்ந்து இருந்துவந்தது. அதனால் நன்கு ஊடுருவக்கூடிய வொரிகொனசோல் என்ற புதிய மருந்து வந்தபோது பழையதன் காலம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். இதைத் தீர்க்கும் பரிசோதனை தமிழ்நாட்டிலேயே நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த புறொக்டர் நிறுவகமும் இணைந்து 323 நோயாளிகளிடம் இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டன. முடிவு 2013இல் வெளியாயிற்று. வென்றது பழைய நற்றமைசின். குறிப்பாக, பியுசேரியம் என்ற பூஞ்சண வகையில் வேறுபாடு பெரிதாயிருந்தது. கண்ணில் துளை விழுவதும், மாற்றுக்கண் பொருத்த நேர்வதும் நற்றமைசின் பெற்றோரிடையே குறைவாயிருந்தன. நேற்றால் மண்ணில் கிடைத்த மருந்து பாண்டி நாட்டு உழவர்களின் கண்களிலே தன் தகுதியை நிறுவியது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் அதனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது.

இதற்கிடையே, துணிக்கைகளை இன்னும் சிறிதாக்கும் முயற்சி வேறொரு பாதையில் வளர்ந்தது. 1960களில் இங்கிலாந்தின் அலெக் பாங்கம் கொழுப்பினாலான நுண்குமிழ்களை ஆராய்ந்தார். லிபோசோம் என்பது அவற்றின் பெயர். 1981இல், மேற்சொன்ன புறொக்டர் நிறுவகத்தினர் வைரசுக்கெதிரான மருந்தொன்றை அக்குமிழ்களில் அடைத்து முயல்களின் கண்ணில் இட்டுப் பார்த்தனர். 2002இல் உலர் கண் நோய்க்கான சைக்கிளோஸ்போரின் மருந்து, நுண்ணிய எண்ணெய்த் துளிகளில் ஏற்றப்பட்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பின்னர் எண்ணமே மாறியது. துணிக்கை கண்ணில் ஒட்டவேண்டும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் முழுமையாக உள்ள கண்ணின் மேற்பரப்பில் சீதம் படர்ந்திருக்கிறது. அது விரைவாகக் கழிந்து புதுப்பிக்கப்படுவதால், அதில் ஒட்டிய மருந்தும் கூடவே போய்விடும். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜஸ்ரின் ஹேன்ஸ் குழுவினர், துணிக்கையின் மேல் ஒட்டாத பூச்சொன்றைப் பூசினால் அது சீதத்தினூடே நழுவி அடியிலுள்ள படலத்தை அடையும் என்று காட்டினர். அந்த முறையில் அமைந்த அழற்சி தணிக்கும் சொட்டு மருந்துகள் 2018இலும் 2020இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவற்றின் துணிக்கைகள் ஒரு மைக்கிரோமீற்றரிலும் சிறியவை.

இந்த வெற்றிகளை எண்ணி மகிழும் அதேவேளை ஒன்றைக் கவனிக்காதிருக்க முடியவில்லை. 2018இல் வந்தது சத்திரசிகிச்சைக்குப் பின்வரும் அழற்சிக்கு. 2002இலும் 2020இலும் வந்தவை உலர் கண்ணுக்கு. இந்நோயாளிகளின் வேதனை சிறிதென்று நான் சொல்லவில்லை. ஆனால் மருந்துக்கு விலை கொடுக்கக்கூடியவர்கள் மிகுந்த நோய்கள் இவை. சுணை தெறித்த விவசாயியின் கண்ணுக்கு இன்றும் முதல் மருந்தாக இருப்பது 1955இன் மண்ணில் கிடைத்ததே. நற்றமைசினையும் நுண்துணிக்கைகளில் ஏற்றி ஆழத்துக்குச் செலுத்தும் ஆய்வுகள் ஆய்வுகூடங்களில் நடைபெறுகின்றன. அறிவியல் வழியைக் கண்டுவிட்டது. அவ்வழியில் யார் முதலில் ஏற்றப்படுகிறார்கள் என்பதைச் சந்தை தீர்மானிக்கிறது.

எனினும் பெரியப்பாவின் கண்ணைப் பறித்தது நுண்துணிக்கை இன்மை அன்று. அந்த மூன்று வாரத் தாமதமே. பூஞ்சணப் புண்ணுக்கு முதல் சில நாட்களில், ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மருந்து விடவேண்டும். சிகிச்சை வாரக்கணக்கில் தொடரவேண்டும். கூலிவேலை செய்பவருக்கு அது எளிதன்று. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்ரெரோயிட் சொட்டு சிவப்பைத் தணித்து, உள்ளே பூஞ்சணத்தை வளர்த்துவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது.

ஊரில் வயல் செய்யும் உறவினர்களுடன் தொலைபேசியில் பேசும் வாசகர்கள், அறுவடைக் காலத்தில் இதை ஒருமுறை சொல்லிவையுங்கள். கண்ணில் சுணையோ உமியோ பட்டுச் சிவந்தால் பாலும் சாறும் வேண்டாம். மறுநாளே கண் வைத்தியரிடம் போகவேண்டும். நற்றமைசின் தந்தால், ஒவ்வொரு முறையும் குப்பியை நன்றாகக் குலுக்கியே விடவேண்டும். குலுக்காவிட்டால் மருந்து அடியிலேயே தங்கிவிடும். கண்ணில் விழுவது வெறும் நீராகவே இருக்கும்.