அன்றில் எந்தப் பறவை?

தாத்தாவின் கருமாதி அன்று பந்தலில் ஒருவர் பேசினார். "ரெண்டு பேரும் அன்றில் மாதிரி வாழ்ந்தவங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்காது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். பாட்டி உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அன்றில்னா என்ன பறவைடா?"

எனக்குத் தெரியவில்லை. எஸ்பிஎம் தேர்வில் தமிழ் இலக்கியம் எடுத்தவன் நான். 'இணைபிரியாப் பறவை' என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அது பனைமரத்தில் கூடு கட்டும் என்று ஆசிரியர் சொன்னபோது என் மனதில் வந்தது செம்பனை. எங்கள் தோட்டத்துச் செம்பனைகளுக்கு நடுவே, எலி பிடிக்க நிர்வாகம் பெட்டி வைத்து வளர்த்த கூகைதான் குடியிருந்தது. அதனால் பல வருஷம் அன்றில் என்றால் ஏதோ ஆந்தை வகை என்றே நினைத்திருந்தேன். சிரிக்க வேண்டாம்.

பொறியியல் படித்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொருள் என்னவென்று தெரியாவிட்டால் அதன் விவரக்குறிப்பைத் தேடுவான். குறுந்தொகையைத் திறந்தேன். 160ஆம் பாடலில் அன்றிலுக்குத் தலை நெருப்பு மாதிரிச் சிவப்பு. பெட்டையின் வாய் இறால் மாதிரி வளைந்தது. 301ஆம் பாடலில் பனைமடலில் சின்னச் சின்னக் குச்சிகளால் கூடு. சூல் கொண்ட பெட்டை நடுச்சாமத்தில் கூவுகிறது. வளைந்த அலகு, சிவந்த தலை, உயரத்தில் குச்சிக் கூடு, பலத்த குரல். இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள் பறவையை நேரில் பார்க்காமல் எழுதியிருக்க முடியாது.

இந்தக் குறிப்புகளோடு நன்றாகப் பொருந்துவது கருப்பு அரிவாள் மூக்கன். தமிழ்நாட்டில் சதுப்பு ஓரங்களிலும் வயல்களிலும் ஜோடியாக மேயும் ஐபிஸ் இனம். உச்சந்தலையில் மருமருவாகச் சிவப்புத் திட்டு. 1824இல் டெம்மிங்க் வைத்த லத்தீன் பெயரில் வரும் 'பாப்பில்லோசா' குறிப்பதும் அந்த மருக்களைத்தான். பறக்கும்போது கரகரவென்று கத்தும். உயரமான மரங்களிலும் பனையிலும் கூடு வைக்கும்.

ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. 301ஆம் பாட்டில் அன்றிலுக்குக் கருங்கால். கருப்பு அரிவாள் மூக்கனின் காலோ செங்கல் நிறம். கால் கருத்த ஐபிஸ் வேண்டுமென்றால் பழுப்பு அரிவாள் மூக்கனிடம் போகலாம். அதற்குச் சிவந்த தலை கிடையாது. அது கூட்டமாகக் கூடு கட்டுகிற ரகம், அதிகம் கத்துவதும் இல்லை. சைட்டில் வரைபடத்துக்கும் கட்டினதுக்கும் இப்படி வித்தியாசம் வந்தால் யாரையாவது கூப்பிட்டுத் திட்டலாம். இங்கே யாரைத் திட்டுவது? புலவர்கள் இரண்டு பறவைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊர்மக்களும் அப்படித்தானே, இரண்டையும் 'அரிவாள் மூக்கன்' என்றுதானே சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பழுப்பு அரிவாள் மூக்கனுக்கு 1766இல் லின்னேயஸ் வைத்த 'ஃபால்சினெல்லஸ்' என்ற பெயரும் லத்தீனில் அரிவாளிலிருந்து வந்ததுதான்.

சரி, ஜோடி பிரிந்தால் செத்துப்போகும் என்ற கதை? நான் சொன்ன இரண்டு பாட்டிலும் எந்த அன்றிலும் சாகவில்லை. இரவில் கத்துகிறது, அவ்வளவுதான். தூங்காமல் படுத்திருப்பவளுக்குத்தான் அந்தச் சத்தம் தாங்க முடியவில்லை. குறுந்தொகை 57இல் ஒரு ஜோடி வருகிறது. நடுவில் ஒரு பூ வந்தாலே ஒரு வருஷம் பிரிந்ததுபோல் தவிக்கும் ஜோடி. ஆனால் அது நீரில் வாழும் மகன்றில். பனையில் இருக்கும் அன்றில் இல்லை. அந்தப் பாட்டிலும் உயிர் போகட்டும் என்று சொல்பவள் பெண், பறவை சொல்லவில்லை.

இதோடு வால்மீகியின் கிரவுஞ்சமும் சேர்ந்துகொண்டது. வேடன் ஆண் பறவையைக் கொல்ல, பெட்டை அழுகிறது. நிகண்டுகள் கிரவுஞ்சத்துக்கு அன்றில் என்றே பொருள் தந்தன. ஜூலியா லெஸ்லி என்ற ஆய்வாளர் 1998இல் அது சாரஸ் கொக்கு என்று வாதிட்டார். ஆளுயரக் கொக்கு அது. சதுப்பில் தரையோடு கூடு கட்டும், பனைமடலில் ஏறாது. அங்கேயும் பெட்டை அழுததாகத்தான் கதை, செத்ததாக இல்லை. மகன்றிலின் நெருக்கம், கிரவுஞ்சத்தின் அழுகை, ஒரு பெண்ணின் ஆற்றாமை என எல்லாவற்றையும் ஒரே பறவையின் தலையில் ஏற்றிவிட்டோம் என்றே எனக்குப் படுகிறது. பிறகு அதைக் கொண்டுவந்து பந்தலில் ஒரு கிழவியின் தலையிலும் இறக்கினோம்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொல்லவில்லை. கைப்பேசியில் படத்தை மட்டும் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூக்கப் பாரேன், அருவா மாதிரி" என்றார்.

"ஆமா பாட்டி. பேரே அதான்."

"சோடி போனா இதுவும் செத்துடுமா?"

"பாட்டுல அப்படி இல்ல."

"பின்ன என்ன செய்யும்?"

"கத்துமாம். ராத்திரியில."

"ம்" என்றார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் சந்தைக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார்.