போறணையும் மேசையும்: பீட்சா உணவகத்தின் வரலாறு

பீட்சாவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் மேல் பரப்பப்படும் தக்காளி, பாலாடைக்கட்டி, திருநீற்றுப்பச்சிலை ஆகியவற்றின் வழியாகவே அதைத் தொடர்வர். ஆனால் அந்த உணவை விற்ற கடையின் வரலாறு, அதாவது இத்தாலியர் 'பீட்சேரியா' என அழைக்கும் பீட்சாக்கடையின் வரலாறு, வேறு இரண்டு பொருள்களைச் சுற்றி அமைந்தது: மாவு வெந்த அடுப்பு ஒன்று, உண்பவர் நின்ற அல்லது அமர்ந்த இடம் மற்றொன்று. ரொட்டி சுடும் பெரிய அடுப்பை இத்தாலியர் 'ஃபோர்னோ' என்பர். போர்த்துக்கேய மொழியிலும் வழங்கும் இதே சொல்லிலிருந்துதான் இலங்கைத் தமிழரின் 'போறணை' பிறந்தது என்பதால், இக்கட்டுரையிலும் அச்சொல்லே பயன்படுத்தப்படுகிறது. போறணை மாறியபோதெல்லாம் பீட்சாவின் அளவும், அது வேகும் நேரமும், அதை உண்பவர் யார் என்பதும் மாறின.

'பீட்சா' என்னும் சொல் தக்காளியைவிடப் பல நூற்றாண்டுகள் பழமையானது. ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையே கடற்கரையில் அமைந்த கயேத்தா நகரின் 997ஆம் ஆண்டு இலத்தீன் ஆவணம் ஒன்று, ஆயருக்குரிய சொத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் கிறிஸ்து பிறப்பு நாளிலும் உயிர்ப்பு ஞாயிறன்றும் பன்னிரண்டு பன்னிரண்டு பீட்சாக்கள் அளிக்க வேண்டும் என விதிக்கிறது. அச்சொல் அன்று ஏதோ ஒருவகை அப்பத்தைக் குறித்தது என்பதற்கு மேல் இந்த ஆவணத்திலிருந்து முடிவு காண இயலாது. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்த தக்காளி நெடுங்காலம் ஐயத்துடனேயே பார்க்கப்பட்டது. 1690களில் நேப்பிள்ஸில் வெளியான அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலில்தான் தக்காளிச் சாறு ஒன்றின் செய்முறை, அதுவும் 'ஸ்பானிய முறை' என்னும் பெயருடன், அச்சேறியது.

பீட்சாக்கடை நேப்பிள்ஸில் தோன்றியதற்கு அந்நகரின் நெரிசலே முதற்காரணம். 1800ஆம் ஆண்டை ஒட்டி ஏறத்தாழ நான்கு லட்சம் மக்கள் வாழ்ந்த நேப்பிள்ஸ், இலண்டன், பாரிஸ் ஆகியவற்றுக்கு அடுத்த நிலையில் மேற்கு ஐரோப்பாவின் பெருநகராக விளங்கியது. நிலையான வேலையற்ற கூலிகளும் படகோட்டிகளும் சுமைதூக்குவோரும் 'பாஸ்ஸோ' எனப்பட்ட, தெருவை நோக்கித் திறக்கும் தரைத்தள ஒற்றையறைகளில் குடும்பத்தோடு ஒடுங்கி வாழ்ந்தனர். அவ்வறைகளில் சமைக்க இடமும் குறைவு, விறகுக்குப் பணமும் குறைவு. வீட்டில் அடுப்பில்லாதவர் பலருக்கு ஊரில் எரியும் ஓர் அடுப்பு பொதுவாக இருப்பதே சிக்கனம் என்பதால், வெளியில் உண்பது அங்கே செல்வத்தின் அடையாளமாக இல்லாமல் வறுமையின் வழக்கமாக இருந்தது.

விறகால் எரியும் குவிமாடப் போறணையின் தளமும் கூரையும் ஒருசேரக் கடும் வெப்பத்தை வெளியிடுவதால், மெல்லியதாகத் தட்டிய மாவு அதில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். விளிம்பு உப்பிக் கருகற்புள்ளிகள் விழ, நடுப்பகுதி ஈரமும் மென்மையும் குன்றாமல் இருக்கும். இவ்வாறு வெந்த பீட்சாவைப் புத்தகம்போல நான்காக மடித்துக் கையிலேந்தி நின்றபடியே உண்ண முடிந்ததால், தட்டோ மேசையோ தேவைப்படவில்லை. கடைப் பையன்கள் 'ஸ்தூஃபா' எனப்பட்ட செப்புப் பெட்டியில் பீட்சாக்களை அடுக்கி, அதைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். போர்த்தால்பா வாயிலருகே 1738 முதல் நடைவியாபாரிகளுக்குப் பீட்சா சுட்டுக்கொடுத்த கடை 1830இல் மேசைகளிட்டு உணவகமாக மாறியது என்பது அக்கடையின் மரபுவழிச் செய்தி. வாடிக்கையாளர் அமர்ந்து உண்ணும் பழக்கம் இவ்வாறு மெல்லத்தான் வந்தது.

வெளியூர்ப் பயணிகள் இவ்வுணவை இருவேறு கண்களோடு பார்த்தனர். பிற்காலத்தில் தந்திமுறையால் புகழ்பெற்ற சாமுவேல் மோர்ஸ் 1831இல் அதைக் குமட்டலூட்டும் பண்டமாகவே விவரித்தார். பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் துய்மாவோ 1843இல் வெளியான தம் பயணநூலில் அதை ஒரு பொருளியல் அளவுகோலாகவே கண்டார். மீன்பாடும் விளைச்சலும் ஏறி இறங்குவதற்கேற்பப் பீட்சாவின் விலை மாறுவதையும், இன்று உண்டு எட்டு நாள் கழித்துக் காசு கொடுக்கும் கடன்முறை நடைமுறையில் இருந்ததையும் அவர் பதிவு செய்தார். 1884இல் காலரா நேப்பிள்ஸைச் சூறையாடிய பின்னர் இதழாளர் மத்தில்தே செராவோ எழுதிய 'நேப்பிள்ஸின் வயிறு' என்னும் நூல், ஏழைகளின் காலையுணவாகச் சில்லறைக்கு விற்ற பீட்சாத் துண்டுகளைப் பற்றிப் பேசுவதோடு, ரோமில் பீட்சாக்கடை திறந்த நேப்பிள்ஸ் வணிகர் ஒருவரின் தோல்வியையும் குறிப்பிடுகிறது: முதலில் புதுமைக்காகக் கூட்டம் திரண்டது, பின்னர் கடை நொடித்தது. 1861இல் இத்தாலி ஒரே நாடாக அறிவிக்கப்பட்ட பின்னும் பீட்சா ஒரே நகரின் உணவாகவே இருந்தது என்பதற்கு இது தெளிவான சான்று.

இந்தப் பின்னணியில்தான் 1889ஆம் ஆண்டின் புகழ்பெற்ற மார்கெரித்தா கதையை எடைபோட வேண்டும். நேப்பிள்ஸில் தங்கியிருந்த அரசி மார்கெரித்தாவுக்கு ரஃபாயேலே எஸ்பொசித்தோ என்னும் பீட்சாக்காரர் மூன்று வகைப் பீட்சாக்கள் சுட்டளித்தார் என்றும், அவற்றுள் இத்தாலியக் கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பு நிறங்கள் அமைந்ததை அரசி விரும்பியதால் அதற்கு அவர் பெயரே நிலைத்தது என்றும் அக்கதை கூறும். இதற்கு ஆதாரமாக நேப்பிள்ஸின் 'பிராந்தி' என்னும் உணவகத்தில் காட்டப்படும் 1889 ஜூன் 11 நாளிட்ட கடிதத்தின் முத்திரை, கையெழுத்து ஆகியவற்றை வரலாற்றாய்வாளர் ஐயுற்றுள்ளனர். மேலும், தக்காளியும் மோட்ஸரெல்லா பாலாடைக்கட்டியும் திருநீற்றுப்பச்சிலையும் பீட்சாவில் இடம்பெற்றதை, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஃபிரான்செஸ்கோ தெ பூர்கார் தொகுத்த நேப்பிள்ஸ் வழக்கங்கள் பற்றிய நூலே குறிப்பிட்டுவிட்டது. 1889க்கு இரு ஆண்டுகள் கழித்து, 1891இல், பெல்லெக்ரீனோ அர்த்தூசி வெளியிட்டு இத்தாலிய நடுத்தர வகுப்பினரின் வீடுகளில் நிலைபெற்ற சமையல் நூலில் 'நேப்பிள்ஸ் பீட்சா' என்னும் தலைப்பின்கீழ் உள்ளது பாதாமும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த ஓர் இனிப்புப் பண்டம். அரண்மனைக் கதை உண்மையாகவே இருப்பினும், அது பீட்சாவை நாட்டுக்கு அறிமுகப்படுத்திவிடவில்லை.

அந்த வேலையைப் புலம்பெயர்வு செய்தது. 1880க்கும் 1920க்கும் இடையில் ஏறத்தாழ நாற்பது லட்சம் இத்தாலியர், அவர்களுள் பெரும்பாலோர் தென்பகுதியினர், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கரையிறங்கினர். நியூயார்க்கின் ஸ்பிரிங் தெருவில் ஜென்னாரோ லொம்பார்தியின் பெயரால் அறியப்படும் கடை 1905இல் தொடங்கியது என்பது மரபு. அங்கிருந்த வேறு இத்தாலிய ரொட்டிக்காரருக்கும் அதன் தொடக்கத்தில் பங்குண்டு என அண்மைய ஆய்வுகள் வாதிடுகின்றன. நியூஜெர்சியின் டிரெண்டன் நகரில் 1910இலேயே 'தக்காளிப் பை' என்னும் பெயரில் பீட்சா விற்கப்பட்டது. 1924இல் அந்தோனியோ பேரோ கோனி தீவிலும், 1925இல் அமால்ஃபிக் கடற்கரையிலிருந்து வந்த ஃபிராங்க் பெப்பே நியூஹேவன் நகரின் ஊஸ்டர் தெருவிலும் கடை திறந்தனர். நியூஹேவன்வாசிகள் இன்றும் பீட்சாவை 'அபீட்ஸ்' என்பது, நேப்பிள்ஸ் வட்டாரமொழியின் ஒலிப்பு அங்கே உறைந்து நிற்பதால்தான்.

இக்கடைகளின் போறணைகள் நிலக்கரியால் எரிந்தன. அமெரிக்க நகரங்களில் விறகைவிட எளிதாகக் கிடைத்த அந்த எரிபொருளுக்காகவும், ரொட்டியை மொத்தமாகச் சுடுவதற்காகவும் கட்டப்பட்ட அகலமான செங்கற்போறணைகளில் பீட்சா மேலும் சில நிமிடங்கள் தங்கியதால், அது மொறுமொறுப்பாகவும் அளவில் பெரிதாகவும் ஆனது. பெரிதான பீட்சாவை ஒருவர் மடித்து உண்ண இயலாது. முக்கோணத் துண்டுகளாக வெட்டிப் பகிர்ந்துகொள்ள வேண்டும், பகிர்வதற்கு மேசை வேண்டும், மேசையைச் சுற்றிக் குடும்பம் வேண்டும். தெருவில் தனியாக நின்று உண்ட கூலியின் இடத்தில், வார இறுதியில் பிள்ளைகளோடு வந்து அமரும் தொழிலாளர் குடும்பம் இவ்வாறு இடம்பிடித்தது.

இதே காலத்தில் பீட்சாக்கடைக்கு இணையாக இத்தாலிய உணவகம் என்னும் மற்றொரு நிறுவனமும் அமெரிக்காவில் வளர்ந்தது. இத்தாலியில் மது விற்கும் எளிய கடையை 'ஒஸ்தெரியா' என்றும், குடும்பத்தார் நடத்தும் சாப்பாட்டுக்கடையை 'திராத்தொரியா' என்றும், உயர்நிலை உணவகத்தை 'ரிஸ்தொராந்தே' என்றும் பிரித்து வழங்குவர். கடல் கடந்தபோது இப்படிநிலைகள் ஒன்றோடொன்று கலந்தன. 1920 முதல் 1933 வரை நடைமுறையிலிருந்த மதுவிலக்கு இதற்கு எதிர்பாராத உந்துதலானது: வீட்டுப் பயன்பாட்டுக்குத் திராட்சைச் சாறு புளிக்கவைக்கச் சட்டத்தில் இடமிருந்ததால் இத்தாலியக் குடும்பங்களில் திராட்சை மது தொடர்ந்து கிடைத்தது, அதை நாடி அவர்களின் நிலவறை உணவகங்களுக்கு வந்த பிற அமெரிக்கர், கூடவே பரிமாறப்பட்ட ஸ்பகெட்டிக்கும் பழகினர். இத்தாலியில் மாவுப்பண்டம் முதல் வரிசையிலும் இறைச்சி அதற்கடுத்த வரிசையிலும் தனித்தனியே வரும். இறைச்சி மலிவான அமெரிக்காவில் இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்து, இறைச்சி உருண்டையிட்ட ஸ்பகெட்டியாகின. சிவப்பு வெள்ளைக் கட்டம்போட்ட மேசைவிரிப்பும், வைக்கோல் பின்னிய கியாந்தி மதுப்புட்டியில் செருகிய மெழுகுவர்த்தியும் அவ்வுணவகங்களின் அடையாளங்களாயின.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் போறணை மீண்டும் மாறியது. செங்கல்லால் கட்டவேண்டிய தேவையின்றி வாங்கி நிறுத்தக்கூடிய எரிவாயு அடுப்புகள் 1940களில் பரவின. தீயின் போக்கை அறியப் பல ஆண்டுகள் பயிலவேண்டிய கட்டாயம் நீங்கியதால், கிரேக்கர் உட்பட இத்தாலியரல்லாத பலரும் இத்தொழிலில் இறங்கினர். முன்கூட்டியே சுட்டு வைத்து, கேட்டவருக்கு ஒரு துண்டை மட்டும் சூடாக்கித் தரும் நியூயார்க் 'துண்டுக்கடை' பெருகியது. நடந்தபடியே மடித்து உண்ணும் பழைய நேப்பிள்ஸ் பழக்கம், வேறு அடுப்பின் துணையால் வேறு நகரில் மறுபிறப்பெடுத்தது எனலாம். இதற்கு மாறாக, சிகாகோவில் ஐக் சீவெல்லும் ரிக் ரிக்கார்டோவும் 1943இல் தொடங்கிய பீட்சேரியா ஊனோ, ஆழமான தட்டில் அரைமணிக்கும் மேலாக வேகும் தடித்த பீட்சாவால் அறியப்பட்டது. காத்திருப்பு நீண்டதால் பேச்சும் பானமும் அங்கே உணவின் பகுதியாயின.

1958இல் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் டான், ஃபிராங்க் கார்னி சகோதரர்கள் தாயிடம் 600 டாலர் கடன் பெற்றுத் தொடங்கிய பீட்சா ஹட், புறநகர்க் குடும்பங்கள் மகிழுந்தில் வந்து இறங்கி அமரும் உணவகத்தைக் கிளைக்கடை வணிகமாக்கியது. 1960இல் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டியில் டாம் மொனாகனும் அவர் சகோதரரும் வாங்கிய கடை, பின்னர் டாமினோஸ் என்னும் பெயரில், மேசையையே நீக்கிவிட்டு வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பதைத் தொழிலாக்கியது. முப்பது நிமிடத்துக்குள் தருவதாக அது அளித்த உறுதி, சாலை விபத்து வழக்குகளின் பின்னணியில் 1993இல் கைவிடப்பட்டது. 1996இல் டெல்லியிலும் பெங்களூருவிலும் கிளைகள் திறந்து இந்தியருக்குப் பரவலாக அறிமுகமானது நேப்பிள்ஸின் பீட்சா அன்று. விச்சிட்டாவிலும் இப்சிலாண்டியிலும் உருவான இவ்விரு கடைமுறைகளே.

இத்தாலியின் வடபகுதிக்குப் பீட்சாக்கடை பெருமளவில் சென்றது 1950களிலும் 1960களிலும்தான். தொழில்வளர்ச்சி பெற்ற தூரின், மிலான் நகரங்களுக்கு வேலை தேடிச் சென்ற தென்பகுதியினர் தம் கடைகளையும் உடன்கொண்டு சென்றனர். இத்தாலியில் பீட்சாவை எதிர்பார்த்து வந்த அயல்நாட்டுப் பயணிகள் அவற்றுக்கு வலுச்சேர்த்தனர். வெளிநாட்டில் பெருமை பெற்றுத் தாயகம் திரும்பும் பண்பாட்டுக்கூறு அங்கே புதுமதிப்படையும் நிகழ்வுக்கு, ஆஸ்திரியாவில் பிறந்து இந்துத் துறவியான மானிடவியலாளர் அகேகானந்த பாரதி 1970இல் 'பீட்சா விளைவு' எனப் பெயரிட்டார். நவீன இந்து சமய மறுமலர்ச்சியை விளக்கவே அவர் அவ்வுவமையைக் கையாண்டார். ஆனால் பீட்சா தொடக்கத்தில் மேலே ஒன்றுமில்லாத வெறும் ரொட்டியாக இருந்தது என அவர் கொண்டது சரியன்று. தக்காளியும் பாலாடைக்கட்டியும் கப்பலேறும் முன்பே நேப்பிள்ஸில் இருந்தன. அமெரிக்கா புதிதாகச் சேர்த்தது குடும்பம் அமரும் மேசையையும் கடையின் பரந்த புகழையுமே.

தன் உணவு தன் கைவிட்டுப் போனதாகக் கருதிய நேப்பிள்ஸ், 1984இல் 'மெய்யான நேப்பிள்ஸ் பீட்சாச் சங்கம்' ஒன்றை நிறுவியது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் அப்பீட்சாவை மரபுச் சிறப்புணவாகப் பதிவுசெய்தது. நேப்பிள்ஸ் 'பீட்சயுவோலோ', அதாவது பீட்சாக்கலைஞர், கையாளும் கலையை யுனெஸ்கோ 2017இல் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. ஒன்றியத்தின் விதிமுறையில் தக்காளி, பாலாடைக்கட்டி பற்றிய குறிப்புகளோடு, 35 சென்டிமீட்டரை மிஞ்சாத விட்டம், விறகுப் போறணை மட்டும், 485 பாகை செல்சியஸ் வெப்பம், 60 முதல் 90 நொடி வரையிலான நேரம் ஆகியவையும் வரையறுக்கப்பட்டுள்ளன. வெந்த பீட்சாவைப் போறணையிலிருந்து எடுத்தவுடன் அதே இடத்தில் உண்பதே விரும்பத்தக்கது என்றும், பின்னர் விற்பதற்காக உறையவைக்கலாகாது என்றும் அது மேலும் கூறுகிறது. செப்புப் பெட்டியைத் தலையில் சுமந்து, ஆறத் தொடங்கிய பீட்சாவைச் சந்துகளில் கூவி விற்ற 19ஆம் நூற்றாண்டுப் பையனின் வணிகம், அவன் நகரின் மரபைக் காக்க எழுந்த இந்த விதியின் விருப்பத்துக்கு வெளியேதான் நிற்கும்.