கண்ணாடி மாளிகை – அத்தியாயம் 5: நடைக்கூடத்தில் ஒரு தூதர்

1590 நவம்பரில் பெஸ் சீமாட்டியின் நான்காவது கணவர் ஷ்ரூஸ்பரி பிரபு கண்மூடியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அறுபதைக் கடந்த அந்த விதவையின் கையில் இப்போது பெருஞ்செல்வம். அதை வைத்து என்ன செய்தார்?

டெர்பிஷயர் குன்றின்மேல், தான் பிறந்த ஹார்டுவிக் மண்ணில், அவர் தொடங்கிய மாளிகை ஒன்று அரைகுறையாக நின்றது. அது முடியும்வரை பெஸ் பொறுக்கவில்லை. பக்கத்திலேயே இன்னொன்றுக்கு வானம் தோண்டச் சொன்னார். திட்டம் வகுத்தவர், கல்தச்சராக இருந்து உயர்ந்த ராபர்ட் ஸ்மித்ஸன்.

கண்ணாடி கொள்ளை விலை விற்ற காலம் அது. ஸ்மித்ஸனோ சுவர் முழுக்கச் சன்னலாக்கினார். எப்படி முடிந்தது? புகைபோக்கிகளில் பெரும்பாலானவற்றை நடுச்சுவருக்குள் தள்ளினார். வெளிச்சுவர்கள் கண்ணாடிக்கென்றே விடுபட்டன. கீழ்த்தளத்தில் பணியாளர்கள், அங்கே சன்னல்கள் சிறியவை. நடுத்தளத்தில் பெஸ்ஸின் குடியிருப்பு, சன்னல்கள் உயர்ந்தன. மேல்தளம் ராணியே வந்தாலும் வரவேற்பதற்கு. அங்கேதான் மிக உயரமான சன்னல்கள். படியேற ஏற வெளிச்சமும் கூடும், மரியாதையும் கூடும். வெளித்தோற்றத்தின் ஒழுங்கு கெடாதிருக்க, பின்னால் அறையே இல்லாத பொய்ச் சன்னல்களும் உண்டு.

ஆறு கோபுரங்களின் உச்சியிலும் கல்லில் வெட்டிய ‘ஈ.எஸ்.’ என்ற எழுத்துகள். எலிசபெத் ஷ்ரூஸ்பரி: பெஸ்ஸின் முழுப்பெயர். ஒரு பெண் தன் பெயரை வானத்தில் எழுதிவைத்த வீடு இது. எனக்கு இந்த மாளிகைமேல் தீராத மதிப்பு வரக் காரணமும் அதுதான்.

1597-ல் பெஸ் குடிபுகுந்தார். எலிசபெத் ராணி கடைசிவரை வரவேயில்லை. ஆனால் அந்த வெளிச்சத்துக்குள் ஓர் உயிர் மூச்சுமுட்டிக் கிடந்தது: பேத்தி ஆர்பெல்லா ஸ்டூவர்ட். அரியணைக்கு உரிமை கோரக்கூடிய அரச ரத்தம். அதனாலேயே ஓயாத கண்காணிப்பு. 27 வயதாகியும் மணமில்லை.

1602 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆர்பெல்லா துணிந்தார். ஹெர்ட்ஃபோர்டு பிரபுவின் பேரனை மணக்க விரும்பி ரகசியத் தூது அனுப்பினார். அந்தக் குடும்பத்துக்கும் அரியணை உரிமை இருந்தது. அப்படிப்பட்ட இருவர் ராணியின் அனுமதியின்றி இணைவது பெருங்குற்றம். பிரபு மிரண்டுபோனார், செய்தி அரசவைக்கு எட்டியது.

1603 ஜனவரி. மேல்தளத்தின் நீண்ட நடைக்கூடத்தில் பாட்டியும் பேத்தியும் இருந்தபோது, ராணியின் தூதர் சர் ஹென்றி பிரவுன்கர் உள்ளே நுழைந்தார். பேத்தி செய்த காரியம் பாட்டிக்குத் தெரியாது.

(தொடரும்)